அப்பா ஏற்பாடு செய்த திருட்டு

அப்பாவின் முதலாண்டுக் காரியத்துக்கு வந்திருந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தாம்பூலத்தோடு இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகள் ஜானகியின் நமஸ்காரம். செம்பூரிலிருந்து ரயில் ஏறி உங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்துவிடலாம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

அப்பா பயந்த சுபாவம் உள்ளவர். குற்றவியல் பேராசிரியர் என்றதும் பலர் ஒரு முறுக்கு மீசையை எதிர்பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். வந்து பார்த்தால், மெலிந்த உடம்பும் தடித்த கண்ணாடியுமாக, கதவைப் பாதி திறந்து யார் என்று மூன்று தடவை கேட்கும் ஒரு மனிதர் நிற்பார். ரயில் வேகம் எடுத்தால் கம்பியைப் பிடித்துக்கொள்வார். தெருவில் போலீஸ்காரர் எதிரே வந்தால், ஒரு தப்பும் செய்யாமலே எதிர்ப்பக்கம் போய்விடுவார். வெளியூர் புறப்படும்போது பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். "ஏன்னா, பூட்டியாச்சே. இன்னும் எத்தனை தரம் இழுப்பேள்? கையோட வந்துடப் போறது" என்று அம்மா சிரிப்பாள். அந்தப் பயம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது. நகை நட்டு வராவிட்டாலும் அது வந்துவிட்டது.

அப்பா பிறந்தது பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தகப்பனாரைச் சின்ன வயதிலேயே இழந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மாதுங்காவில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்து, கூடத்தின் ஒரு மூலையில் படுத்து எழுந்து, சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சாட்சிகள் சொல்வதையும் தீர்ப்புகளையும் அங்கே பல வருஷங்கள் தட்டச்சு செய்தார். ஒரு வழக்கில் சாட்சிகள் எல்லோரும் ஒரே ஆளைக் காட்டி "இவன்தான்" என்றார்கள். அப்பாதான் தீர்ப்பைத் தட்டச்சு செய்தார். அந்த ஆள் உள்ளே போய் வெகுநாள் கழித்து உண்மையான குற்றவாளி வேறொரு வழக்கில் பிடிபட்டான். சாட்சிகளில் ஒருவர்கூடப் பொய் சொன்னவர் இல்லை, பார்த்ததாக நம்பியதைத்தான் சொன்னார்கள் என்று அப்பா சொல்வார். அதற்குப் பிறகு அவருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லையாம். மாலை வகுப்புகளில் படித்து எம்.ஏ. முடித்து, ஒரு கல்லூரியில் புதிதாகத் திறந்த குற்றவியல் பிரிவில் ஆசிரியரானார். எங்களுக்கும் செம்பூரில் ஒரு வீடு அமைந்தது. நல்ல மனிதர்கள் எப்படித் தப்பாகச் சாட்சி சொல்கிறார்கள் என்பதுதான் அவர் ஆராய்ச்சி.

இங்கே நிறுத்திவிட்டு நேரே கடைசிக் காலத்துக்குப் போய்விடு என்று பெரியப்பா சொன்னார். "நடுவுல நடந்த அந்தக் கேஸ் சமாசாரம் மலர்ல வேண்டாம். நாலு பேர் படிப்பா." அம்மாதான், "படிக்கட்டுமே. தெரியாதவா யாரு? அரையும் குறையுமாப் பேசறதுக்கு முழுசாவே தெரிஞ்சுண்டு போகட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஆராய்ச்சிக்காக அப்பா சிறைக்குப் போய்க் கைதிகளோடு பேசுவார். அங்கே பழக்கமானவர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். ஒரு சண்டையில் ஒருவரைக் கத்தியால் குத்திவிட்டு உள்ளே போனவர். அப்பா பேசிய மற்ற கைதிகள் எல்லோரும் தாங்கள் நிரபராதிகள் என்று சொல்ல, இவர் மட்டும், "நாந்தான் குத்துனேன்யா. குடிச்சிருந்தேன். புத்தி கெட்டுப் போயி செஞ்சுட்டேன்" என்றாராம். அந்த ஒரு பதிலுக்காகவே அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. விடுதலையாகி வந்தபிறகு, பழைய வேலையிலேயே மறுபடி சேர்வதற்கு அப்பா முதலாளியிடம் பேசி உதவினார்.

அப்பா வகுப்பில் ஒரு சோதனை நடத்த விரும்பினார். பாடம் நடக்கும்போது ஓர் ஆள் திடீரென்று உள்ளே வந்து ஒரு பையைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும். மாணவர்கள் என்ன பார்த்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்று அவர்களுக்கே காட்ட வேண்டும். குற்றவியல் படிப்பில் இது தெரிந்த முறைதான். யாருக்கும் முன்கூட்டித் தெரியக் கூடாது என்பது அதன் விதி. அப்பா விதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் ஆயிற்றே! பிரின்ஸிபாலுக்குச் சொல்லவில்லை, பியூனுக்குச் சொல்லவில்லை, வாசல் காவலாளிக்கும் சொல்லவில்லை. தெரிந்தது அப்பா, நான், பறிக்க வருகிறவர் என்று மூன்று பேருக்குத்தான். பையைப் பறிகொடுக்க மாணவி ஒருத்தியைப் பிடித்தால் பயந்துவிடுவாள் என்று, லீவில் வீட்டில் இருந்த என்னையே புது மாணவி மாதிரி முன் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பறிக்கிற வேலைக்குச் சுடலைமுத்து.

அன்று காலை காப்பி குடிக்கும்போது நான், "யாருப்பா அவர்?" என்று கேட்டேன்.

"நல்ல மனுஷன்டி. ஒரு கத்திக்குத்துக் கேஸ்ல உள்ள இருந்துட்டு வந்தவன், அவ்வளவுதான். பயப்படாதே."

எனக்கு 'நல்ல மனுஷன்' காதில் ஏறவே இல்லை. கத்தி மட்டும்தான் ஏறியது.

வகுப்பில் அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தெரிந்திருந்தும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுடலைமுத்து ஒரு கத்தல் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அப்படிக் கத்துவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கறுத்த உயரமான உருவம் மேலே விழுவதுபோல் வந்தது, ஏதோ பளிச்சென்றது, பை போய்விட்டது. பின்னால் பெண்கள் அலறினார்கள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். திட்டம் போட்டவர் கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கண்ணையும் இறுக மூடியபடி நின்றிருந்தார்.

பிறகு சுதாரித்துக்கொண்டு, யாரும் யாரோடும் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். சட்டை நீலம் என்றான் ஒருவன், பழுப்பு என்றாள் ஒருத்தி. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கத்தியை மட்டும் ஏகப்பட்ட பேர் பார்த்திருந்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டே உண்மையை உடைத்தார். வகுப்பு சிரிக்கவில்லை. மாதுங்காவிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து தமிழிலேயே கேட்டான்: "சார், பை உங்க ஏற்பாடு, ஒத்துக்கறேன். கத்தியும் உங்க ஏற்பாடா?"

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான், திருடன், பிடியுங்கள் என்று தெருவில் இந்தியில் கூச்சல் கேட்டது. "சோர்! சோர்! பக்டோ!"

திட்டப்படி சுடலைமுத்து தாழ்வாரத்தின் கோடியில் இருந்த அப்பாவின் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பியூன் குறுக்கே வந்து பிடிக்கப் பார்க்க, அவர் மிரண்டு வாசல் வழியே தெருவுக்கு ஓடிவிட்டார். பெண்பிள்ளைகள் அலறும் கட்டடத்திலிருந்து கையில் பெண்களின் பையோடு ஓடி வருகிறவனைப் பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டம் என்ன செய்யும்? அப்பா கேட் வரைக்கும் ஓடினார். அதற்குள் கூட்டம் அடித்து முடித்திருந்தது, போலீஸ் வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. தரையில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. அப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்.

போலீஸ் ஸ்டேஷன் படியை அப்பா ஏறினதே பெரிய காரியம். நானும் கூடப் போனேன். வகுப்பிலிருந்து சில மாணவர்கள் எங்களுக்கு முன்னாலேயே போய், கத்தியைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் போயிருந்தார்கள். சாரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார்கள். சுடலைமுத்துவின் பழைய வழக்கும் இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்துவிட்டது. அவர் மரியாதையாகத்தான் பேசினார். அப்பா எல்லாவற்றையும் விளக்கியபிறகு இந்தியில் சொன்னார்:

"விளையாட்டு உங்களுடையது, ப்ரொஃபஸர் சாப். கத்தி அவனுடையது. அவன் கையில் கத்தி இல்லை என்று உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

பார்த்தேன், கத்தி இல்லை என்று சொன்னால் போதும், சுடலைமுத்து வெளியே வந்துவிடலாம். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "பார்க்கவில்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன்" என்றார். பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். அப்பா தமிழில், "பாத்ததை மட்டும் சொல்லு. எனக்காக எதையும் மாத்தாதே" என்றார். ஏதோ பளிச்சென்று தெரிந்தது, அது கத்தியா என்று தெரியாது என்று சொன்னேன். இன்ஸ்பெக்டருக்கு அது போதுமாக இருந்தது. வழக்குப் பதிவாயிற்று. பழைய தண்டனை உள்ள ஆள் என்பதால் ஜாமீனும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை உள்ளே போனால் வெளியே வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்து தலையெடுத்துவிடும் என்று பழைய கோர்ட் நண்பர்கள் அப்பாவிடம் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுடலைமுத்துவின் மனைவி பொன்னம்மாள், இடுப்பில் ஒரு குழந்தையோடு. அழவில்லை, கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மாடிக்குப் போகிறவர்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள்.

"உள்ள வந்து உக்காருங்கோ. வாசல்ல இருந்தா எல்லாரும் பாக்கறா" என்றாள் அம்மா.

"பாக்கட்டும். பாக்கணும்னுதான உக்காந்திருக்கேன்" என்றாள் பொன்னம்மாள். "அய்யா கூப்பிட்டாவன்னு சோத்தப் பாதியில வச்சிட்டு எந்திச்சுப் போனாவ. திருடவா போனாவ? திருடுத மாதிரி நடிக்கத்தான போனாவ?"

அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து, அவளுக்குச் சற்றுத் தள்ளி அந்த வெறுந்தரையிலேயே உட்கார்ந்தார். "தப்பு என்னோடதும்மா. அவரை வெளியில கொண்டுவர வரைக்கும் நான் விட மாட்டேன்" என்றார். பொன்னம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களே இப்படி நடுங்குதியளே. நீங்க எங்கன கொண்டாரப் போறிய?" என்றாள்.

வழக்கு நடக்கும்வரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. அழைப்பு மணி அடித்தால் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். தாராவியிலிருந்து ஆட்கள் திரண்டு வருவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். கல்லூரி அப்பாவின் சீட்டைக் கிழித்துவிடும் என்று எனக்குப் பயம். அப்பாவின் பயம் வேறு. "இருந்திருக்குமோடி?" என்று சாப்பிடும்போது கேட்டார். "நெஜமாவே கையில ஏதாவது வெச்சிருந்திருப்பானோ? நான் பாக்கலையே." சாட்சிகளின் தவறுகளைப் பற்றி வருஷக்கணக்கில் படித்த மனிதர் அப்படிக் கேட்டபோது, எதை நம்பி நாங்கள் கோர்ட்டுக்குப் போகிறோம் என்று எனக்குக் கதி கலங்கிவிட்டது.

தாம் தட்டச்சு செய்த அதே கோர்ட்டில் அப்பா சாட்சிக் கூண்டில் ஏறினார். பழைய சகாக்களும் மாணவர்களும் நிறைந்திருந்தார்கள். அங்கேயும் அதையே சொன்னார். பையை எடுக்கச் சொன்னது நான், ஓடச் சொன்னது நான், கத்தியைப் பற்றித் தெரியாது, ஏனென்றால் நான் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். கோர்ட்டே சிரித்தது. சர்க்கார் வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார்.

அடுத்து நான். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஏதோ பளிச்சென்றது என்று மறுபடி சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் பார்த்ததை மட்டும் சொல் என்று அப்பா சொன்னது பாதி வேலைதான் என்று அப்போது தோன்றியது. "அவர் கத்திக்குத்து வழக்கில் இருந்தவர் என்று எனக்கு முன்பே தெரியும். உள்ளே வரும்போதே கத்தியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அது தெரியாமல் இருந்திருந்தால் ஏதாவது பளிச்சிட்டிருக்குமா என்று என்னால் சொல்ல முடியவில்லை" என்றேன். பழைய வழக்கை நானே எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டேனே என்று அப்புறம்தான் உறைத்தது. சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

மாஜிஸ்ட்ரேட் கேட்டார்: "உனக்கு யார் சொன்னது?"

"அப்பா. காலையில் காப்பி குடிக்கும்போது."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு மாணவர்களைத் தாமே துருவிக் கேட்க ஆரம்பித்தார். கத்தி வலது கையில் இருந்தது, இடது கையில் இருந்தது, இடுப்பில் செருகியிருந்தது, மடக்குக் கத்தி, நீளக் கத்தி. ஒவ்வொருவரும் சத்தியமாகச் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. அவரைப் பிடித்து அடித்த கூட்டத்தில் ஒருவர் கையிலும் கத்தி சிக்கவில்லை, தெருவிலும் கிடைக்கவில்லை. தம்மைத் தாமே கேலிப் பொருளாக்கிக்கொண்டு உண்மை சொல்லும் ஒரு சாட்சி, ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னதையும் நம்பத்தான் வேண்டும் என்று சொல்லி சுடலைமுத்துவை விடுவித்தார்.

வெளியே வந்ததும் சுடலைமுத்து அப்பாவின் பக்கமாக வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றார். கூட்டம் அடித்ததில் இடது காது போய்விட்டிருந்தது. அப்பா கைகூப்பினார்.

"அய்யா, கண்ண மூடிக்கிட்டேன்னு சொன்னியள்லா, எனக்கே சிரிப்பு வந்துட்டு" என்றார் சுடலைமுத்து. "என்னயப் பாத்தா அம்புட்டுப் பயமாவா இருக்கு?"

"ஆமாம் சுடலை. பயமாத்தான் இருந்தது."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, சரி என்பதுபோல் தலையாட்டினார்.

வீட்டுக்கு வரும்போது ரயில் நின்ற இடங்களிலும் அப்பா கம்பியை விடவில்லை. விடுதலை கிடைத்தபிறகு என்ன பயம் என்று கேட்டேன். "வகுப்புல அன்னிக்கு அவாளை ஒருத்தரோட ஒருத்தர் பேச விட்டிருந்தா, எல்லாரும் வலது கைன்னே சொல்லியிருப்பாடி. அவன் உள்ளயே கிடந்திருப்பான்" என்றார்.

கல்லூரி அப்பாவைக் கண்டித்தது, வேலையை விட்டு நீக்கவில்லை. அந்தச் சோதனையை அவர் மறுபடி நடத்தவே இல்லை. அதற்குப் பதில் வருஷா வருஷம் புது மாணவர்களிடம், தாம் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்வார். கூட வேலை பார்த்த ஒருவர், "அருமையான தகவல் கிடைத்திருக்கிறது, கட்டுரையாக எழுதி வெளியிடுங்கள்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அது தகவல் இல்லை சார். ஒருத்தனோட காது" என்றார்.

சென்ற வருஷம் மார்பு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட வரும் நர்ஸிடம் அது என்ன ஊசி, எதற்கு, வலிக்குமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடி" என்று சொல்ல அவர் கூச்சப்பட்டதே இல்லை. எனக்கும்தான் என்று நானும் சொன்னேன். ஒரு காலை வேளையில், அம்மா காப்பி வாங்கப் போயிருந்தபோது, அப்பா போய்விட்டார்.

அந்த நாட்களில் கைகொடுத்தவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் முறைபோட்டு உட்கார்ந்த மாணவர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும், எங்களுக்குச் சமைக்க முடியாத நாட்களில் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டு மாமிக்கும், கோர்ட்டிலிருந்து வந்து நின்ற பழைய நண்பர்களுக்கும், போலீஸ் அதிகாரியாகியும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்த மாதுங்காப் பையனுக்கும் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பாவை எடுத்துக்கொண்டு போய், எல்லோரும் குளித்து, வாசல் கழுவி விட்டபிறகு சுடலைமுத்து வந்தார். தாராவிக்குச் செய்தி நேரத்தோடு போயிருந்தது என்று எனக்குத் தெரியும். ஏன் இவ்வளவு தாமதம் என்று, துக்கத்தில் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"சயான்ல பஸ் நின்னுதும்மா. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வந்துட்டேன். ரெண்டு எட்டு ஓடியிருந்தா ஏறியிருப்பேன், அய்யா மொகத்தப் பாத்திருப்பேன்." கையில் வாடாத மாலை ஒன்றை வைத்திருந்தார். "ஆனா ஸ்டாப்பு நெறைய கூட்டம். நான் இப்ப ஓடுததில்லம்மா."